இரு தரப்புக்கும் ஒரு கும்பிடு

நடுநிலையார் என்றோர் இனம் இருக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். சண்டை நடக்கும் அறையிலிருந்து, மணியே அடிக்காத கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, இங்க சிக்னல் இல்ல" என்று வெளியேறுகிறவர் யாரோ, அவர்தான்.

கோழை என்று நினைத்துவிடாதீர்கள். கடல் கடந்து எங்கோ இரண்டு நாடுகள் மோதிக்கொண்டால் நம்மவரின் வீரத்தைப் பார்க்க வேண்டும். அந்த நாடுகளின் தலைநகரப் பெயர் வாயில் நுழையாது. ஆனால் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் டப்பா மூடியை எல்லையாகவும் கரண்டியைப் பீரங்கியாகவும் வைத்து, யார் பக்கம் நியாயம், யார் அயோக்கியன், எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குள் தகர்க்க வேண்டும் என்று கணக்காளரும் காவலாளியும் வாய்பிளக்கத் தீர்ப்புச் சொல்வார். "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? தப்புன்னா தப்புதான்!"

மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தீர்ப்பையும் கழற்றிவிடுவார்.

உள்ளே அவர் பேசுவது அறிக்கைத் தமிழ். மகளும் மகனும் ஒரே சார்ஜருக்கு அடித்துக்கொண்டால், "ரெண்டு தரப்பும் நிதானம் காக்கணும்."

"தரப்புன்னா யாருப்பா? நானும் இந்தக் குரங்குமா?"

"பேச்சுவார்த்தை மூலமா தீர்த்துக்கங்க."

பேச்சுவார்த்தையில் சார்ஜரின் ஒயர் அறுந்தது. வருத்தத்துக்குரிய சம்பவம் என்றார். அறுத்தது யாரென்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே!

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருபத்து மூன்று பேர். அங்கே அவருடைய கொள்கை முழுவதும் ஒரு கும்பிடு பொம்மைக்குள் அடக்கம். பிறந்தநாளா? கும்பிடு. மரணமா? கும்பிடு. ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிறார்களா? அதற்கும் கும்பிடு. அது வாழ்த்தா, அனுதாபமா, ஆளை விடுங்கள் என்பதா? அவருக்கே தெரியாது.

இப்படியே ஓட்டியிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா குழுவில் எழுதினாள்: "அம்மா இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறாங்க. அந்த வீட்டுல ஏன்னு கேக்க ஆளில்ல."

அந்த வீடு நம்மவரின் வீடுதான். நாற்பத்தொரு நாளாக, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, படுக்கைப்புண் வராமல் பார்த்துவருகிறவள் அவர் மனைவி. அக்கா வந்தது இரண்டே முறை. அதில் ஒருமுறை படம் எடுக்க.

மனைவி ஒரு வரிதான் பதில் எழுதினாள்: "அண்ணி, இங்க யார் பாத்துக்கறாங்கன்னு உங்க தம்பியையே கேளுங்க."

குடும்பமே காத்திருந்தது. நம்மவர் அக்காவின் செய்திக்கு ஒரு கும்பிடு போட்டார். மனைவியின் செய்திக்கும் ஒன்று போட்டார்.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என்னங்க, அவங்க எழுதினது பொய்யா, இல்லையா?"

"பொய்தான்..."

"அப்ப அதை அங்க எழுதுங்க. அம்மாவைப் பாக்க வரவங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

தட்டினார். அழித்தார். மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி தட்டினார். கால் மணி நேரம் கழித்துப் பெருமூச்சோடு அனுப்பினார். குழுவில் ஒன்றும் வரவில்லை. மனைவியின் கைபேசி மட்டும் 'டிங்' என்றது. "நீ இல்லேன்னா அம்மா பொழச்சிருக்க மாட்டாங்க. அக்கா சொன்னது அநியாயம். எனக்கு எல்லாம் தெரியும்."

இரண்டடி தள்ளி நிற்கிற பெண்டாட்டிக்கு இரகசியத் தூது!

அவள் இரண்டு முறை வாசித்தாள். மேலே 'வீட்டுக்காரர்' என்ற பெயர் தெரியும்படி திரையைப் படம் பிடித்தாள். குழுவில் போட்டாள்.

"ஐயையோ! அது நமக்குள்ள சொன்னதுடி!"

"எனக்குத் தெரியாததையா சொன்னீங்க? தெரியாதவங்களுக்குப் போட்டேன்." மாமியாருக்கு மாத்திரை நேரமாகிவிட்டதென்று உள்ளே போய்விட்டாள்.

அவருடைய கைபேசி அலறியது. அக்கா. நின்றது, மறுபடி அலறியது. நாலாவது முறை எடுத்தார். "ஆமாக்கா... நான்தான் எழுதினேன்... ஆமா, நெஜமாத்தான்." வீட்டு விவகாரத்தில் முதன்முறையாக ஒரு பக்கம் நின்றுவிட்டார், பிடித்துத் தள்ளப்பட்டு.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மனைவி பேரில் தப்பில்லை, இருந்தாலும் குழுவில் போட்டிருக்க வேண்டாம். அக்காவும் பெற்ற தாய் மேலுள்ள பாசத்தில்தானே அப்படி... என்று மெல்ல இழுக்கிறீர்களா?

வாருங்கள், உட்காருங்கள். உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.