எம்பாக்ஸை விரட்டிய பந்தல்

எம்பாக்ஸ் என்னும் கொடிய நோயைப் பந்தல் போட்டே விரட்டிய பெருமை, கிவு மலைகளில் தங்கம் தோண்டும் எங்கள் லுக்வேங்கா ஊரையே சேரும். மறுப்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

அந்த வரலாற்று நாளில் நபிந்து, மகள் அசிஃபிவேக்கு மரவள்ளிக் களி எடுத்துக்கொண்டு மருத்துவமனை வேலியோரம் வந்தாள். பிள்ளை வாசலில் நின்றது. முகம், உள்ளங்கை எல்லாம் சீழ்க் கொப்புளம். கொப்புளத்தைத் துடைத்தெடுத்த பஞ்சு பரிசோதனைக்குப் போய், எம்பாக்ஸ்தான் என்று முடிவும் வந்திருந்தது. வீட்டில் கைக்குழந்தைக்குத் தொற்றிவிடுமே என்று பயந்துதான் பெரியவளைத் தனிமைக் கூடாரத்தில் விட்டிருந்தாள். அந்தக் கூடாரத்தை இப்போது ஆட்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நோய் ஒழிப்புக் குழுத் தலைவர் சிருசா மேற்பார்வையிட்டார். தலைநகரிலிருந்து தடுப்பூசி வருகிறது, கூடவே பிரமுகர்கள் வருகிறார்கள், விழாப் பந்தல் போட்டு அவர்களுக்கு நிழல் தர வேண்டாமா?

"வெயில்ல அவங்க காஞ்சா, நோய் நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?" என்றார்.

"தலைவரே, பக்கு உதிர்ந்து புதுத்தோல் வர்ற வரைக்கும் இது அடுத்தவங்களுக்கு ஒட்டும்" என்றாள் நர்ஸ் பலோலா.

"உதிரட்டும், யாரு வேணாம்னா? வீட்ல உதிரட்டும்."

நபிந்து களியைக் கீழே வைத்துவிட்டு வேலியை ஒட்டி வந்தாள். "ஐயா, வீட்ல ஒரே மெத்தை. பச்சப்புள்ள இருக்கு."

"தள்ளிப் படுங்கம்மா. உரசக்கூடாது, போர்வையப் பங்கு போடக்கூடாது. எல்லாம் இந்தப் பிரசுரத்துல இருக்கு."

"போர்வையும் ஒண்ணுதான்யா."

"அப்படின்னா ரெண்டு பிரசுரமா எடுத்துக்கோங்க!" என்றார் வள்ளல்.

விழா அமோகம். வந்த தடுப்பூசி, அதைக் கொண்டுவந்தவர்களைத்தான் முதலில் காப்பாற்றியது. "யாரும் யாரையும் தொடாதீர்கள்!" என்று சிருசா ஒலிபெருக்கியில் முழங்கினார். முழங்கிவிட்டு இறங்கி, வழக்கப்படி ஒவ்வொரு பிரமுகரோடும் நெற்றிப்பொட்டை மும்முறை முட்டி 'மரியாதை' செய்தார். பிறகு ஆட்டுக்கறி. அதன்பின் 'விழா ஆய்வுக் கூட்டம்', அதை ஆய்வு செய்ய இன்னொரு கூட்டம். எல்லாவற்றுக்கும் நிழல் தேவைப்பட்டது.

கூடாரம் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் ஆளாக நபிந்து வந்தாள். பெரியவளுக்குப் புண் காயத் தொடங்கியிருந்தது. மார்பில் கிடந்த குழந்தையோ பால் குடிக்க முடியாமல் முனகியது. அதன் உதடெல்லாம் கொப்புளம். பலோலா மருந்து எடுக்க உள்ளே ஓடினாள்.

சிருசாவுக்குப் பெருமிதம் தாங்கவில்லை. "போட்டோ எடுங்கய்யா! விழாவுக்கு முன்னாடி இந்தம்மா ஒரு புள்ளையத்தான் கொண்டு வந்தாங்க. இப்ப ரெண்டு! விழிப்புணர்வுன்னா இதுதான்!"

நபிந்து குழந்தையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"வாங்க தலைவரே, இவனுக்கும் நெத்தி முட்டி மரியாத பண்ணுங்க. நீங்க குடுத்ததத்தான் இவன் வச்சிருக்கான்."

தலைவர் துள்ளிப் பின்வாங்கினார். எங்கள் ஊர் நோய்த்தடுப்பு வரலாற்றில், குழுத் தலைவர் விதியைக் கடைப்பிடித்தது அந்த ஒரு முறைதான்.