ஏணி பாஸ் மாட்டாத கேமரா

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: அம்மா, நான், ஏணி பாஸ், வேலிக்கு அந்தப் பக்கம் செல்லம்மா அத்தை, அத்தையின் பசு. சமையலறையின் கொன்கிரீட் மேல்தட்டில் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் எங்கள் பாத்தியில் லீக்ஸ் என்னும் தடித்த வெங்காயத்தாளைத் திருடிய கள்ளன். இன்னொருவர் அத்தையின் புருஷன் ராசு மாமா. அப்பாவின் கணக்கில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

அப்பா ஏன் மேலே நின்றார் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஏணி பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையகத்தில் லிந்துலையிலிருந்து உடப்புசல்லாவை வரை வீடுகளுக்குக் கேமரா மாட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால், தானே ஒரு நாள் முழுக்கக் கேமராவாக இருந்து பார்க்காமல் ஒரு கேமராவைக்கூட மாட்டாத மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் கொத்தனார், தச்சர், வயர் இழுப்பவர் எல்லாருக்கும் பொதுப் பட்டம் பாஸ். இவர் போகும் இடமெல்லாம் ஒரு நீள ஏணியும் ஓட்டோவின் தலைமேல் படுத்துக்கொண்டு வரும். ஆகவே ஏணி பாஸ்.

டவுனில் ஒரு துணிக்கடைக்குக் கேமரா மாட்டப் போனவர், வாசலுக்கு மேலே ஏணியில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த ஒரு பெண் அவர் போட்டிருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாராம். அந்த வழியாக வந்த பொலிஸ்காரர், "மொகத கரன்னே?" என்று அதட்டியிருக்கிறார். என்ன செய்கிறாய் என்று அர்த்தம். பாஸ் கண்ணைக்கூட அசைக்கவில்லை. கடை முதலாளிதான் ஓடிவந்து, "அவரு கேமரா சேர்" என்று சிங்களத்தில் விளக்கம் சொல்லியிருக்கிறார். பொலிஸ்காரர் சற்று யோசித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து நடந்து போனாராம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தபோது எங்களுக்கும் ராசு மாமா வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரையைத் தொடாது. அங்கே மாமா தும்மினால் இங்கே அப்பா, "என்னா ராசு, சளியா?" என்பார். பிறகு இரண்டு வீட்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் தனிவீடு கிடைத்தது. தனிவீடு வந்ததும் வேலி வந்தது. வேலி வந்ததும் கள்ளன் வந்தான்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை ஒரே மட்டமாக வெட்டிப் பழகிய கண். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பதைப் பெரட்டு என்போம். அப்பா வேலைக்குப் போகும் முன் எங்கள் லீக்ஸ் பாத்திக்கும் பெரட்டு எடுப்பார். ஒரு நாள் ஆறு லீக்ஸ் பெரட்டுக்கு வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் ஆறு. அப்பா வேலியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ராசு மாமா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கள்ளப் பய மூஞ்சியப் பாரு, எவ்வளவு நிம்மதியா வெளக்குறான்!"

அது மாமாவின் காதில் விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. நான்கு மாதம் ஓடிவிட்டது. அடுத்த மாதம் மாமாவின் மகள் மலருக்குக் கல்யாணம். பிறந்த மூன்றாம் நாள் அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு லயத்துக்கு லயம் காட்டியவர் அப்பா. "கள்ளன் வூட்டுக் கல்யாணத்துக்கு நான் எதுக்கு?" என்று இப்போது சொல்லிவிட்டார். மாமன் முறையில் பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேறு ஆள் தேட வேண்டும் என்று அத்தை அழுதார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அதனால் பேனை முதல் பிரச்சினை வரை எல்லாம் என் பொறுப்பு. "நீ படிச்ச புள்ள. கேமரா வச்சுப் புடி" என்றார் அப்பா. நான் கட்டம் போட்ட கொப்பியில் வீட்டை வரைந்து, ஒன்பது அடி உயரம், சூரியனுக்கு முதுகு, வாசலுக்கு ஒன்று, பாத்திக்கு ஒன்று, வேலிக்கு இரண்டு என்று நான்கு கேமராவுக்குத் திட்டம் போட்டேன். ஏணி பாஸ் அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி. நாளைக்கு ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்."

எங்கள் முற்றம் சரிவு. ஏணியின் காலை ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் ஏறலாம், இறங்கலாம். வியாழக்கிழமை காலை நான் பிடிக்க, பாஸ் மேலே போய்ப் பாத்தியைப் பார்த்து உட்கார்ந்தார். மழைக்கோட்டு போட்டுக்கொண்டார், கேமராவுக்கு மூடி உண்டல்லவா. நான் கீழேயிருந்து கூப்பிட்டேன். கழுத்தைத் திருப்பவே இல்லை.

மாலை நான் வேலைவிட்டு வந்ததும் கேட்டேன், "ஏன் பாஸ் திரும்பல?"

"நீங்க எழுதிக் குடுத்த மாடலு திரும்பாது தம்பி. திரும்புறது வேணும்னா வெல கூட."

"எடம் எப்படி?"

"சரிவராது. பனி."

வெள்ளிக்கிழமை அடுத்த மூலை. மாலையில், "சரிவராது. சிலந்தி வல கட்டும்."

"இன்னிக்குக் கட்டுச்சா?"

"கட்டப் பாத்துச்சு."

அப்பா தேநீர்க் கோப்பையோடு வந்தார். "பாஸ், சுத்தி வளைக்க வேணாம். அவன் வாசலப் பாத்து மாட்டுங்க." ஒரு மிடறு குடித்துவிட்டு, "இந்தா, இதுதான் பாலு. கடையில வாங்குறா. அவன் மாட்டுல கறந்தா தண்ணிதான் வரும்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாஸ் என்னைப் பார்க்காமல் கோப்பையையே பார்த்தார்.

சனிக்கிழமை எனக்கு லீவு. டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏணியின் காலடியில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அம்மா வந்தார். பாத்தியில் ஆறு லீக்ஸைப் பிடுங்கினார். மண்ணை உதறினார். வேலியின் இடுக்கில் நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து செல்லம்மா அத்தையின் கை வந்தது, ஒரு போத்தல் பாலோடு. வார்த்தையே இல்லை. லயத்தில் நடுச்சுவருக்கு மேலே கிண்ணம் மாற்றிக்கொண்ட அதே கைகள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அம்மா உள்ளே போனதும் எழுந்து மேலே பார்த்தேன். "பாஸ்! பாத்தீங்களா?"

மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பாத்தேன். பாலு தெனமும் வருது, மூணு நாளா பாக்குறேன்."

"ஏன் சொல்லல?"

"கேமரா பாக்கத்தான் செய்யும் தம்பி. சொல்றது ரெக்கோடரு. அத நாம இன்னும் வாங்கல."

அம்மாவிடம் கேட்டேன். "மொத தடவ சொல்லத்தாண்டா இருந்தேன். அதுக்குள்ள ஒங்கப்பா கள்ளன்னு கத்திட்டாரு. இனிமே சொன்னா அவரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?" என்றார்.

அன்று மாலை மாமா வாசலைப் பார்த்தே மாட்ட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றபோது பாஸ் தலையைச் சொறிந்தார். "மாட்டிருவேன் அண்ணே. ஆனா மூணு நாளா எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வூட்டுக்காரரு ஒரு தடவ ஏறிப் பாத்துட்டா, நீங்க காட்டுற எடத்துலயே அடிச்சிர்றேன். சட்டம் தெரியும்ல? கழுத்தத் திருப்பக் கூடாது. பேசக் கூடாது."

நான் அவரைத் தனியே இழுத்தேன். "அம்மாவ மாட்டிவிடப் போறீங்களா?"

"ஒங்கம்மா நாளைக்கிக் குடுக்கலாம், குடுக்காமயும் இருக்கலாம். அது அவங்க இஷ்டம். நான் எடம் காட்டுறவன் தம்பி."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பா மேலே நின்றார். பத்து மணி ஆனது. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை போத்தலோடு வந்து, மேலே பார்த்து, திகைத்து நின்றுவிட்டார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாஸ், கேமரா பேசாதுல்ல?"

"பேசாதுங்க அக்கா."

அம்மா பாத்தியில் இறங்கினார். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணியே ஆறு லீக்ஸ் பிடுங்கினார். வேலியில் நீட்டினார். "இந்தாங்க மதினி. நாலு மாசமா குடுக்குறதுதானே, புதுசா என்ன கூச்சம்?" அத்தை பாலை நீட்டினார். அம்மா அதை வாங்கி, மேல்தட்டுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

அப்பாவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு மழை வரப்போகும் மலை மாதிரி ஆனது. ஆனால் பேசவில்லை. சட்டம் சட்டம்தான். கொஞ்ச நேரம் கழித்து மிக மெல்லிய குரலில், "நான் குடிச்சது..." என்றார்.

"கேமரா பேசுது பாஸ்" என்றார் அம்மா.

"வாங்க தம்பி, டீ குடிப்போம்" என்று என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார் பாஸ். ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் அப்பா அங்கேயே நின்றார். அரை மணி நேரம். நான் இரண்டு முறை எழுந்தேன். பாஸ் இரண்டு முறையும் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கல்யாணச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்த ராசு மாமா இரண்டு கையிலும் பைகளோடு திரும்பி வந்தார். வழியில் நின்று மேலே பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக அம்மாவும் பாஸும் நானும் பார்த்தோம்.

"ராசு" என்றார் அப்பா. "ஏணியக் கொஞ்சம் புடிடா."

மாமா பைகளைக் கீழே வைத்தார். வேலியைத் தாண்டி வந்து, ஏணியின் இரண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாத்து எறங்குங்க மச்சான். வழுக்கும்."

மலரை மணவறைக்குக் கூட்டிப் போனது அப்பாதான். கேமரா மாட்டவே இல்லை. வேலியில் இருந்த இடுக்கு இப்போது ஆள் போகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஏணி பாஸ் வலப்பனைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. இன்றைக்கும் ஏதாவது கடை வாசலில் கேமராவைக் கண்டால் என் தலை தானாக ஒரு முறை குனிகிறது, மேலே அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அவர் புறப்பட்ட அன்று மூன்று நாள் கூலியை அப்பா நீட்டினார். பாஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கேமராவுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா அண்ணே?" என்றார். ஏணி வந்து போன ஓட்டோவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். எண்ணூறு ரூபாய்.