அந்த நோயாளி இந்த வீட்டில் இல்லை

அன்புள்ள வக்கீல் மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டு, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

எனக்கு வயிற்றில் புண், ஆபரேஷன் ஆனது, மாத்திரை சாப்பிடுகிறேன், அவ்வளவுதான் விஷயம். அந்த மாத்திரையையும் உங்கள் அக்கா அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுத்தான் தருகிறாள், கேட்டால் அட்டை வீட்டுக்குக் குப்பையாம். இப்படியிருக்க, ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி இரண்டு மாதமாக என் பேருக்குத் தபால் அனுப்பி உயிரை வாங்குகிறது. முதலில் ஒரு புத்தகம், ‘புற்றுநோயோடு போராடும் வீரரே’ என்று. முப்பத்தொரு வருஷம் தபால் பிரித்தவன் நான், அடுத்தவன் தபாலை வைத்துக்கொள்வேனா? ‘அந்த நோயாளி இந்த வீட்டில் இல்லை’ என்று எழுதித் திருப்பியனுப்பினேன். மறுவாரம் முடி கொட்டினால் போட்டுக்கொள்ள ஒரு தொப்பி. அதையும் திருப்பினேன். அப்புறம், குடும்பத்தாரிடம் மனம்விட்டுப் பேசி விடைபெறுவது எப்படி என்று சின்னதாக ஒரு கையேடு. பொறுத்துப் பார்த்து, நான் அவன் இல்லை என்று நிரூபிக்க, பீரோவில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை அப்படியே நகலெடுத்து அனுப்பினேன். டாக்டர் கிறுக்கல் எனக்கு ஒரு வரி புரியாது, அவர்களுக்காவது புரியட்டுமே. பதிலுக்கு, ‘விவரங்களைப் புதுப்பித்ததற்கு நன்றி’ என்று ஒரு போர்வை வந்திருக்கிறது மாப்பிள்ளை. உங்கள் அக்காவிடம் காட்டினால், “தூக்கிப் போடுங்க, இதையெல்லாம் எதுக்குப் படிக்கிறீங்க” என்று எரிந்து விழுகிறாள்.

எனக்காக நான் கோபப்படவில்லை. எவனோ ஒருத்தன் நிஜமாகவே அந்த நோயோடு கிடக்கிறான். மூடின கதவுக்குள்ளே டாக்டரிடம் சொன்னது கடைத்தெருவுக்கு வந்து, அவன் ஊர் பேர் தெரியாத எனக்கு வந்து சேர்கிறது. அவன் வீட்டில் இது தெரிந்தால் என்ன ஆகும், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ஆளுக்காகவாவது காட்டமாக ஒரு நோட்டீஸ் விடுங்கள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எடுத்த வழக்கெல்லாம் நீங்கள் ஜெயிக்க வேண்டும், என்னுடையதை முதலில்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அந்தக் கம்பெனிப் பெண் ஃபோன் செய்தாள், போர்வை பிடித்திருக்கிறதா என்று கேட்டு. யாரென்று நினைத்து என்னிடம் பேசுகிறாய் என்று சத்தம் போட்டேன். மருந்துக்கடையில் தள்ளுபடி அட்டைக்காக உங்க மனைவி கொடுத்த விவரம் சார் என்று, என் பிறந்த தேதி, ஆபரேஷன் தேதி, நோயின் பேர், எல்லாம் கடகடவென்று படித்தாள். கடைசியில், “குறிப்பு, விஷயம் நோயாளிக்குத் தெரியாது, வீட்டார் சொல்ல வேண்டாம்னு...” என்று அதையும் பாதி படித்துவிட்டு நிறுத்தினாள். “சாரி சார்” என்றாள். சின்னப் பெண் குரல். பரவாயில்லைம்மா என்றேன்.

நோட்டீஸ் வேண்டாம். உங்கள் அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தினமும் அவ்வளவு நேரம் என்ன குளியல் என்று சண்டை போட்டிருக்கிறேன். பத்து நாள் வந்து அவளோடு இருங்கள். எனக்குத் தெரியும் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.