ரிஸ்வியின் முழங்காலுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஐரோப்பாவில் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் கழகம் மாறுவதென்றால் முகவர்கள் விமானத்தில் பறப்பார்கள், வழக்கறிஞர்கள் கூடுவார்கள், ரசிகர்கள் அவருடைய ஜேர்சியை நடு வீதியில் போட்டுக் கொளுத்துவார்கள். இலங்கையில், எங்கள் கற்பிட்டிப் பக்கம் அவ்வளவு சிரமம் இல்லை. ஒரு கல்யாணம் போதும்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் முடிந்தால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். போனால் ஜும்ஆத் தொழுகையும் அங்கே, வெங்காயத் தோட்டமும் அங்கே, பின்நேரத்துப் பந்தும் அங்கே. மாமனாரின் ஊர்க் கழகத்துக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு மாமனார் வீட்டில் சோறு கேட்கும் துணிவு எந்த மாப்பிள்ளைக்கும் வந்ததில்லை. ஆகவே நிக்காஹ் எழுதும் லெப்பைதான் எங்கள் பக்கத்தின் ட்ரான்ஸ்பர் அதிகாரி. (அவருக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது.)

கொரோனா முடிந்து மைதானங்கள் மறுபடி திறந்த காலம். எங்கள் நீலச்சுறா கழகத்தின் நடுக்களம் முழுவதும் ரிஸ்வி ஒருவனுடையது. மற்றவர்கள் எண்ணிக்கைக்காக நின்றார்கள். பந்து அவன் காலுக்கு வந்தால் வீட்டுப் பூனை மாதிரி அங்கேயே சுற்றும். அப்படிப்பட்டவனுக்குக் குறிஞ்சிப்பிட்டி ஹனிபா ஹாஜியாரின் மகள் பர்ஹானாவைப் பேசி முடித்தார்கள். குறிஞ்சிப்பிட்டி என்றால் செங்கழுகு கழகம். செங்கழுகு என்றால் எங்களுக்குச் சோறு இறங்காது. பர்ஹானாவின் நானா, அதாவது அண்ணன், இம்ரான்தான் அதன் கப்டன்.

செய்தி வந்த அன்று எங்கள் ஊர் இழவு வீடு. ஜேர்சியைக் கொளுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். கழகத்திடம் இருந்ததே ஒரு செட். கொளுத்தினால் அடுத்து வருபவன் வெறும் மேலோடு விளையாட வேண்டும் என்பதால் அந்தப் புரட்சி கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, தோய்த்து மடித்துத் தர வேண்டுமென்று ரிஸ்விக்கு அறிவித்தார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவன் ஸலாம் சொன்னால் பதில் சொல்வது மார்க்கக் கடமையாயிற்றே, அதனால் உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள்.

கழகத் தலைவர் சித்தீக் நானா தன் தேத்தண்ணிக் கடையில் வைத்து அவனை விசாரித்தார்.

"ஏன்டா, எங்கட ஊர்ல பொம்புளப் புள்ளகள் இல்லையா?"

"நானா, எனக்கு அந்தப் புள்ளயத்தான் புடிச்சிரிக்கி."

"புடிச்சா? எனக்குச் சீனி புடிக்கும். உடுறாளா என்ட பொண்டாட்டி?"

நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் கழகத்தில் எனக்கிருந்த பதவி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாப்பாவின் படகு திரும்பி வராத வருடம் அது; வாப்பாவும் அதில்தான் இருந்தார் என்பதால் ஏன் படிப்பை நிறுத்தினாய் என்று எவரும் கேட்கவில்லை. பிறகு புத்தளத்தில் உப்பு வாரினேன், முந்தல் பக்கம் இறால் பண்ணையில் நின்றேன், உடப்பில் கருவாடு காய வைத்தேன், கட்டாருக்குப் போய்க் கல் சுமந்து, அதுவும் பிடிக்காமல் திரும்பி வந்தேன். ஓர் இடத்திலும் தரித்ததில்லை. இப்படிப்பட்ட நான்தான், ஒருவன் ஊரை விட்டுப் போகலாமா என்று ரிஸ்வியைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் கொதித்தேன். பந்து விளையாடவும் தெரியாது. கொடி பிடிப்பேன், கத்துவேன், அவ்வளவுதான்.

கொதித்த மூளையில் ஒரு திட்டம் வெந்தது. ரிஸ்வியின் முழங்கால் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு கதையைக் கிளப்புவது. கால் கெட்டவனைச் செங்கழுகு சேர்க்காது. கல்யாணம் தன் பாட்டில் நடக்கும், மாப்பிள்ளை தன் பாட்டில் எங்களோடு வந்து விளையாடுவான். செங்கழுகின் கப்டனும் மணப்பெண்ணின் நானாவும் ஒரே ஆள், ஒரே வீட்டில் சாப்பிடுகிறவன் என்பது எனக்குத் தெரியும். அது ஏதோ ஒரு சின்ன விஷயம் என்று நினைத்தேன். (இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் சொல்லித் தருவார்களோ என்னவோ.)

புத்தளம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் பாரூக் நானாவுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

"என்ன ஜவ்பர், மொகம் தொங்கிப் போயிரிக்கி?"

"ஒண்டுமில்ல நானா. ரிஸ்விட முழங்கால். ஜவ்வு அறுந்திட்டாம். இனிப் பந்துக்கு ஏலாதாம். ஒருத்தருக்கும் செல்லிராதீங்க."

"சேச்சே, நான் செல்வனா!" என்றவர் உடனே பின்பக்கம் டிக்கெட் கொடுக்கப் போனார்.

நுரைச்சோலையில் ஜவ்வு எலும்பாயிற்று. பாலாவிச் சந்தியில் பஸ் நின்றபோது எலும்புக்குள் கம்பி ஏறியிருந்தது. அதே பஸ் திரும்பிக் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்தபோது கதை முழு வளர்ச்சி அடைந்துவிட்டது: கொழும்பில் டொக்டர்மார் காலையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதை மறைத்து அவசரமாக நிக்காஹ் எழுதப் பார்க்கிறார்கள்.

படகுத்துறையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தேன். ரிஸ்வி வந்தான். நன்றாகத்தான் நடந்து வந்தான்.

"மச்சான், ஹாஜியார் கல்யாணத்த நிப்பாட்டச் செல்லிட்டாராம்."

"ஏன்டா?"

"எனக்குக் கால் இல்லையாம்."

நான் குனிந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன.

"பர்ஹானா சாப்புடாமக் கெடக்காளாம். எங்கட உம்மா அழுதுகிட்டு இரிக்கா. பாரூக் நானாகிட்டக் கேட்டன். நீதான் பஸ்ஸில அழுதியாம்."

"அழல்லடா. பெருமூச்சுதான் உட்டன்."

அவன் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மணலில் குந்தி, தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீயே வந்து செல்லு. எனக்கு அந்தப் புள்ள வேணும்" என்றான். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. நாங்கள் ஊர் முழுக்க ஒரு நடுக்கள ஆட்டக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஹனிபா ஹாஜியார் வெங்காயம் செய்து முன்னுக்கு வந்த மனிதர். எதையும் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்காமல் நம்பமாட்டார். விறாந்தையில் எங்களை இருத்தினார்; தேத்தண்ணி வரவில்லை. (எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது.)

"ஹாஜியார், கால் விசயம் பொய். நான்தான் கட்டிவிட்டன்" என்றேன்.

"நீங்க யாரு?"

"கூட்டாளி."

"ஜவ்வு அறுந்ததெல்லாம் ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்க என்ன, டொக்டரா?"

"இல்ல ஹாஜியார். சும்மா பொய்யாச் சென்னது."

"அப்ப இப்பச் செல்றது மட்டும் உண்மையெண்டு நான் எப்புடி நம்புற?"

 நான் ரிஸ்வியின் முதுகில் தட்டினேன்.

ரிஸ்வி எழும்பிக் குந்தி எழுந்து காட்டினான். துள்ளிக் காட்டினான். ஹாஜியார் அசையவில்லை. "மாடு விக்கிறவனும் சந்தைக்கு வாற அண்டைக்கி நல்லா நடக்கவச்சுத்தான் கொண்டு வாரான்" என்றார். டொக்டரின் ரிப்போர்ட் கொண்டு வருகிறேன் என்றேன். "எந்த டொக்டர்? நீங்களா?" என்றார். உள்ளே பெண்கள் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கதவோரம் நின்ற இம்ரான் வாயைத் திறந்தான். "வாப்பா, வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறகு எங்கட கிரவுண்டில அவங்களோட ஒரு மெச் வைப்பம். மாப்புள எங்கட பக்கம் நிண்டு முழு நேரமும் ஓடட்டும். கால் இல்லாதவன் எப்புடி ஓடுற?" சொல்லும்போது அவனுடைய முகத்தில் சீனிப்பாகு வழிந்தது. நிக்காஹ்வுக்கு முன்பே ட்ரான்ஸ்பரை முடித்துக்கொண்டான்.

ஊருக்கு வந்து சித்தீக் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"ரிஸ்விட எடத்துக்கு எங்களுக்கு ஆள் இல்ல. நீ எறங்கு."

"நானா, எனக்கு விளையாடத் தெரியாதே."

"நீ கழட்டின காலுக்கு நீயே காவல் நில்லு."

வெள்ளிக்கிழமை வந்தது. ரிஸ்வி மடித்துத் தந்த ஜேர்சி என் உடம்பில் இறங்க மறுத்தது. இரண்டு பேர் இழுத்து இறக்கினார்கள். மைதானத்தைச் சுற்றி ஆண்கள். ஒரு பக்கம் தென்னோலைக் கிடுகு வேலி; அதற்குப் பின்னால் ஹாஜியாரின் தோட்டம், அங்கே பெண்கள். ஹாஜியார் கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில். வாழ்நாளில் பந்தாட்டம் பார்த்திராத அவர், பந்தைப் பார்க்காமல் ஒரு முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்வி சிவப்பு ஜேர்சியில் வந்தான். எங்கள் ரசிகர்களில் பாதிப் பேர் அவனுக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஒருவர் கண்களைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தார்.

விளையாட்டுத் தொடங்கியதும் எல்லாம் குழம்பியது. ரிஸ்வி ஓடவில்லை. பந்து வந்தால் மெல்லத் தட்டிப் பின்னுக்கு அனுப்பினான். பழக்கதோஷத்தில் சில முறை எங்கள் ஆட்களுக்கே கொடுத்தான். எங்கள் கொடியைப் பார்க்கிறான், வேலியைப் பார்க்கிறான், நடுவில் நிற்கிறான். சொந்தக் கழகத்துக்கு எதிராக அடிக்க அவனுக்குக் கால் வரவில்லை.

"பாத்தியா, காலு இழுக்குது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார். கிடுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோனது.

நான் ரிஸ்விக்குப் பக்கத்தில்தான் நின்றேன், காவலல்லவா. "ஓடுடா!" என்று கத்தினேன்.

"எங்கடா?"

"எங்கட கோலுக்குத்தான், வேற எங்க!"

"சித்தீக் நானா பாக்குறார்டா."

"சித்தீக் நானாவையா கட்டப் போற? அடிடா எங்களுக்கு!"

மைதானம் முழுக்க அது கேட்டது. நீலச்சுறாவின் கொடி பிடிப்பவன், நீலச்சுறாவின் ஜேர்சியில் நின்றுகொண்டு, நீலச்சுறாவின் கோலுக்கே அடிக்கச் சொல்லிக் கத்துகிறான். சித்தீக் நானா தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

அதற்குப் பிறகு ரிஸ்வி ஓடினான். எங்களுக்காக விளையாடிய காலத்தில் அவன் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்பது எங்களுக்குத் தெரியாது. எதிரில் நிற்கும்போதுதான் தெரிந்தது. என் இடப்பக்கத்தால் போனான், வலப்பக்கத்தால் போனான், இரண்டும் அலுத்தபின் பந்தை என் கால்களுக்கு நடுவால் அனுப்பிவிட்டுச் சுற்றி வந்து எடுத்துக்கொண்டான். கோல்களை எண்ணுவதை எங்கள் பக்கம் மரியாதைக்காக நிறுத்திவிட்டது. முதுகு காட்டி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியில், எனக்கும் ரோஷம் வந்தது. வேலியோரமாக அவனைத் துரத்தினேன். அவன் டக்கென்று நின்றான். எனக்கு நிற்கத் தெரியாது.

கிடுகு வேலி என்னை ஒரு கணம்கூடத் தாங்கவில்லை. வேலியோடு சேர்ந்து தோட்டத்துக்குள் போய், பெண்கள் பார்த்துக்கொண்டே உரித்துக்கொண்டிருந்த வெங்காயப் பேசினுக்குள் தலைகுப்புற விழுந்தேன். கத்தல், ஓட்டம், முக்காடுகள் பறந்தன. எழுந்தபோது கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. (அது தோல்விக்காக அல்ல, வெங்காயத்துக்காக. ஆனால் யாரிடம் சொல்ல?) ஹாஜியாரின் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதானா அந்த டொக்டர்?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அது பர்ஹானா என்று பிறகு சொன்னார்கள். அன்று இரண்டு பீங்கான் சோறு சாப்பிட்டாளாம்.

ஹாஜியார் ரிஸ்வியைக் கூப்பிட்டு, வியர்வையோடு நின்றவனின் முழங்காலை வெங்காயம்போல நசுக்கிப் பார்த்தார். "நல்ல கால்" என்றார். அப்போதுதான் தேத்தண்ணி வந்தது.

கல்யாணத்தில் நீலச்சுறா முழுக் கழகமும், ஐந்தாறு பேருக்கு ஒரு பெரிய சஹன் தட்டாகச் சுற்றி உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டோம். "ஒரு மிட்ஃபீல்டரக் குடுத்திட்டு ஒரு சஹன் சோறு வாங்கியிரிக்கம். ஐரோப்பாவிலயும் இப்புடி ஒரு ட்ரான்ஸ்பர் நடந்திரிக்காது" என்றார் சித்தீக் நானா, இறைச்சித் துண்டை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்தபடி.

என் பெயர் அதோடு போயிற்று. குறிஞ்சிப்பிட்டியில் நான் டொக்டர்; பாரூக் நானாவின் பஸ் போகும் இடமெல்லாம் டொக்டர். ஹாஜியாரின் மனைவிக்கு இப்போது உண்மையாகவே முழங்கால் வலி. நான் போனால் காலை நீட்டிவிட்டு, "டொக்டர், எடுக்கணுமா, வைக்கலாமா?" என்று கேட்கிறார். எனக்குப் பெண் பேசக் கண்டக்குழியிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸில் விசாரித்திருக்கிறார்கள். "டொக்டரா? தங்கமான மனுசன்" என்று சொல்லியிருக்கிறார் பாரூக் நானா. பெண்ணின் வாப்பா கோட் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வலையோடு எதிரில் வந்தேன். அதற்குப் பிறகும் அந்தப் பெண் என்னைக் கட்டினாள் என்றால் அது அவளுடைய பிடிவாதம்.

போன மாதம் எங்கள் சின்னவனுக்குக் காய்ச்சல். தொட்டவுடனேயே மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டாள். இப்போதுதானே தொடங்கியது, இவ்வளவு அவசரமா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்.

"எங்கட வீட்டுல டொக்டர் இரிக்காரு மாமி" என்றாள் அவள், என்னைத் திரும்பியும் பாராமல். "அதனாலதான் வெள்ளனவே ஆஸ்பத்திரிக்குப் போறம்."