அப்பாவுக்கு எந்த டேப்லெட்

"பெருசுல முகமெல்லாம் நல்லா தெரியுமா?"

"தெரியும்ப்பா. பேப்பர் படிக்கவும் அதுதான் வசதி."

சாப்பாட்டு மேஜையில் இரண்டு டேப்லெட் கிடந்தன. வாங்குவதற்கு முன் அப்பா தொட்டுப் பார்த்து ஒப்பிடட்டுமே என்று, சால்ட் லேக் அலுவலக நண்பர்களிடம் வருண் இரவல் வாங்கி வந்தவை. ஹவுராவில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா சண்முகம் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சின்னது சட்டென்று கையில் அடங்கியது. ஆனாலும் அவர் கண் பெரியதின் மேல்தான் இருந்தது.

"ஆனா இதுல படம் வைக்க இடம் கம்மின்னு சொன்னியே."

வருணுக்குச் சம்பளமே க்ளவுட் வேலையில்தான். விடுவானா? உள்ளே எதையும் வைக்க வேண்டாம், எல்லாம் எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும், டேப்லெட் உடைந்தாலும் படம் போகாது, ஒன்றில் எடுத்தது எல்லாவற்றிலும் வந்து நிற்கும் என்று மூச்சுவிடாமல் பேசினான். செய்தே காட்டுகிறேன் என்று இரண்டிலும் தன் கணக்கைப் போட்டான். அப்பா ஷேவ் செய்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

அப்போதுதான் வந்து நின்றாள் சோஹினி. கங்கைக்கரையில், வாய் நிறையப் புச்கா பானிபூரியோடு, வருணின் தோளில் சாய்ந்தபடி, பெரிய டேப்லெட்டின் பதினொரு அங்குலத்துக்கு.

பவானிபூர் வங்காளிப் பெண். அவளைப் பற்றி வீட்டில் சொல்ல நினைத்து, ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். இந்தப் பூஜைக்குள் சொல்லாவிட்டால் தன் வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிடுவேன் என்று போன வாரம் அவள் சொல்லிவிட்டாள். அப்பாவோ அதிகம் பேசாத மனிதர். பேசாத மனிதருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று வருணுக்கு இன்றுவரை தெரியாது.

படத்தை அழித்தான். அடுத்தது வந்தது. மழை, ஒரே குடை, இரண்டு பேர். அதை அழிப்பதற்குள் சின்ன டேப்லெட்டில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு சிரித்தாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வைஃபையை நிறுத்தினான். தன் போனில் பாட்டு பாதியில் நின்றுபோனதென்று அம்மா கிருஷ்ணம்மாள் சமையலறையிலிருந்து வந்து, வைஃபையை மறுபடி போட்டுவிட்டுப் போனாள். காத்திருந்த சோஹினிகள் எல்லாரும் மொத்தமாக இறங்கினார்கள்.

கணக்கைவிட்டு வெளியே வந்தாலே போதும் என்பது, ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. குளியலறையில் குழாய் நின்றது. அவ்வளவுதான், தன் போனை எடுத்து அத்தனை படங்களையும் தேர்ந்தெடுத்தான். எல்லாச் சாதனங்களிலிருந்தும் போய்விடும், நிச்சயமாகவா என்று அது நியாயமாகத்தான் கேட்டது. ஆம் என்றான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான்.

அடுத்த நிமிடமே சோஹினி அழைத்தாள். இருவருக்கும் பொதுவான ஆல்பம் அவள் கண்ணெதிரே காலியாகியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அப்பா வர்றார், அப்புறம் பேசறேன்" என்று கிசுகிசுத்தான்.

அப்பா வந்தால் என்னைத் துடைத்துப் போட்டுவிடுவாயா என்று வங்க மொழியில் மெதுவாகக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள். மூன்று முறை திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

வருண் நிமிர்ந்து பார்த்தான். காதோரம் சோப்பு நுரை காயாமல், அப்பா எதிர் நாற்காலியில் தன் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடிக் கிடந்தது. இரண்டு டேப்லெட்டையும் அவன் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே எனக்கு எதுக்குப்பா? திருப்பிக் குடுத்துடு."

எழுந்து பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பார்த்துவிட்டார். அவளும் போனாள், அப்பாவும் போனார். வருண் தளர்ந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றான்.

"அம்மா, அப்பா எல்லாத்தையும் பாத்துட்டாரா?"

கிருஷ்ணம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு அவனருகே வந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி உன் கணக்கைப் போட்டுத்தானே அவருக்கு போன் குடுத்த, நீயா சொல்லுவேன்னு நாங்களும் காத்துக்கிட்டிருக்கோம், மருமக மொகம் அதுல சின்னதாத் தெரியுதுன்னுதான் மனுஷன் டேப்லெட்டே கேட்டாரு, இப்ப ஒரு படம்கூட இல்லையாமே, ஏண்டா, அவளோட சண்டையா?"