டின் பழமா, டின் காயா: என் ஆராய்ச்சியின் முடிவு

இயேசு, மரி, சூசை துணை

குயாவ், கிரெனடா
மே 9

அன்பு மகள் லிஸ்ட்ராவுக்கு,

உன் தாய் ஃபிலோமினா உயிரோடும் சுயபுத்தியோடும் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். என்னை டொரான்டோவுக்கே கூட்டிப்போக டிக்கெட் எடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாய். கிழவி தனியாக இருந்தால் கண்டதைத் தின்று விழுவாள் என்பது உன் கட்சி. விழுந்தது உண்மை. ஆனால் கண்டதைத் தின்று விழவில்லை, ஆராய்ந்து தின்று விழுந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ கப்பலில் அனுப்பிய சாமான் பீப்பாயில் பாதி பீச் பழ டின், பாதி காய்கறி டின். முற்றத்தில் பப்பாளி பழுத்துத் தொங்க, நான் கண்ணாடிக் கிண்ணத்தில் வெளிநாட்டுப் பீச் சாப்பிட்டேன், பக்கத்து வீட்டு இயான்தி பார்க்கட்டும் என்று வாசலில் உட்கார்ந்து. பிப்ரவரியில் கிளினிக் நர்ஸ் ஜோசலின் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க ரத்தத்த வச்சே கேக் சுடலாம் போலிருக்கே!" என்றாள். பள்ளியில் கணக்குக்குப் பதக்கம் வாங்கிய என்னிடம் இப்படிப் பேசலாமா? வீட்டுக்கு வந்ததும் இரண்டு டின்களையும் பக்கம் பக்கமாக வைத்து, நோட்டில் நடுக்கோடு போட்டு எழுதினேன். பழத்தில் வைட்டமின் சி உண்டு, ஆனால் அரைக் கோப்பைக்கு ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை. கேரட்டிலும் பீன்ஸிலும் வைட்டமின் ஏ, நார்ச்சத்து, சர்க்கரை சொற்பம். காய்க்கே வெற்றி என்று கீழே இரட்டைக் கோடும் போட்டேன். உப்பு என்று ஒரு வரியும் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. போதாததற்கு, காய் கிடந்த தண்ணீரில்தான் சத்தெல்லாம் இறங்கியிருக்கும், அதைக் கொட்டுவது பாவம் என்று கான்வென்ட் சமையல் வகுப்பில் சிஸ்டர் பெனடிக்டா சொல்லித் தந்திருந்தார். ஆகவே தினம் மூன்று டின் காயைத் தின்று, மூன்று டின் தண்ணீரையும் குடித்தேன். கால் வீங்கியது. சத்து ஏறுகிறது என்று மகிழ்ந்தேன்.

போன மாதம் மாதர் சபையில் இதையே கட்டுரையாக வாசித்தேன். "சான்று வேண்டுவோர் என்னைப் பாருங்கள்" என்ற வரியில் தலை சுற்றி, இயான்தி கொண்டுவந்திருந்த தேங்காய்க் கேக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் பதறினார்கள். இயான்தி மட்டும், "கேக்கு போனா போவுது, கட்டுரை முடிஞ்சுதே!" என்றாள். ஜோசலின் ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். "அந்தத் தண்ணியையுமா குடிச்சீங்க? அது உப்புத்தண்ணிம்மா! காயக் கழுவித்தான் திங்கணும். உப்புதான் வேணும்னா எதுக்கால கடல் கெடக்கே, ஒரு சொம்போட போறதுதானே?" என்று கேட்டாள். நான் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டேன். பாவாடை முழுக்கத் தேங்காய்.

இப்போது பீன்ஸை மூன்று தண்ணீரில் கழுவித் தின்கிறேன். பழம் வேண்டுமானால், பாகில்லாமல் சொந்தச் சாற்றில் அடைத்த டின்தான். நேற்று கிளினிக்கில் மறுபடி பார்த்தார்கள். சர்க்கரையும் சரி, அழுத்தமும் சரி. அங்கிருந்து எடுத்துவந்த அட்டையை இத்துடன் வைக்கிறேன். ஆகையால் டிக்கெட்டை ரத்து செய். இந்த வீட்டில் என் சமையலை நானே பார்த்துக்கொள்வேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைகளின் நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை.

உன் தாய்,
ஃபிலோமினா ரெட்ஹெட்

பி.கு.: உறையில் போடுமுன் அட்டையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மேலே இயான்தி சார்லஸ் என்று இருக்கிறது. நேற்று கிளினிக்கில் அவளும் என் பக்கத்தில்தான் இருந்தாள்; பெஞ்சில் கிடந்த அட்டையை என்னுடையது என்று எடுத்து எண்களைப் படித்தேனே தவிர, பெயரைப் படிக்கவில்லை. தினம் ஒரு டின் பீச்சில் கெட்டிப் பால் ஊற்றித் தின்கிறவள் இயான்தி, ஆகவே ஆராய்ச்சியும் போயிற்று. என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எண்களைத் தன்னுடையவை என்று நம்பி அவள் நேற்றிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம், கடைசி ஜெபத்துக்குக் கோயில் சாமியாரைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. நான் போய் அவளை எழுப்புகிறேன். நீ டிக்கெட்டை ரத்து செய்யாதே.