மூடியது இணையத்தளம்தான், நான் அல்ல

லாசால், மொன்றியல்
14 ஒக்டோபர் 2025

என் கணவரின் ஒரே தம்பியும், ஸ்காபரோவில் இருந்துகொண்டு மொன்றியலை ஆள நினைப்பவருமாகிய நகுலேஸ்வரன் அறிவது,

நான் உயிருடன் இருக்கிறேன். சுகமாகவும் இருக்கிறேன். மற்றக் கடிதங்களில் இரண்டாவதை மட்டும் எழுதினால் போதும். இந்த முறை முதலாவதையும் எழுதவேண்டியதாகிவிட்டது. அங்கே நீரும் வித்தியாவும் இரண்டு வகையிலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீர் தொலைபேசியில் போட்ட சத்தத்துக்கு எழுத்தில் பதில் தருகிறேன். பேசும்போது நீர் என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை. “மச்சாள், உங்களுக்கென்ன விசரே? எழுபத்தாறு வயசில நாடகமோ? பேசாமல் அந்த வெப்சைட்டைத் திறவுங்கோ” என்றீர். திறக்கமாட்டேன். ‘துயர்பலகை’ மூடியது மூடியதுதான். பதினெட்டு வருடமாக இந்த நகரத்தில் காலமான எங்கள் ஆட்களுடைய மரண அறிவித்தல்களை நான் ஒருத்தியே எழுதி, பிழை திருத்தி, படம் வெட்டி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து அந்தத் தளத்தில் போட்டேன். பொழுதுபோக்காகத் தொடங்கியது, என் பொழுது முழுவதும் அதில்தான் போனது. இறந்தவரைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை, பட்டியலில் தங்கள் பெயர் எத்தனையாவது என்பதுதான் கவலை. ஒரு வீட்டில் இரண்டாவது மருமகனுக்கு ‘பொறியியலாளர்’ என்று போட்டதற்காக, மூத்த மருமகன் செத்தவீட்டுக்கே வரமாட்டேன் என்று நின்றார். நான் அவரைத் ‘தொழிலதிபர்’ ஆக்கிய பிறகுதான் பிரேதம் எடுத்தார்கள். அவருக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் பாலும் பாணும் விற்கிற ஒரு டெப்பனர் கடையில் பாதிப் பங்கு.

இதற்கிடையில் என் நாடகம் ஏழு வருடமாக முதலாம் காட்சியிலேயே நின்றது. ‘கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள்’ என்று எழுதுவேன். தொலைபேசி அடிக்கும். யாரோ போயிருப்பார்கள். நான் அவர்களுக்கு விளக்கு வைக்கப் போய்விடுவேன், அந்தப் பெண் வாசலிலேயே நிற்பாள். ஏழு வருடம் ஒருத்தியை வாசலில் நிறுத்தி வைப்பது மரியாதையா, நீரே சொல்லும்.

ஆகவே செப்டெம்பர் முதலாம் தேதி, தளத்தை மூடுகிறேன் என்று முறையாக ஓர் அறிவித்தல் போட்டேன். என் தளத்தில் இருப்பது ஒரேயோர் அச்சு. எதைப் போட்டாலும் கறுப்புக் கரையும் விளக்கும் தானாக வந்து நிற்கும், படம் இல்லாமல் பதிவாகாது, ‘தோற்றம்’, ‘மறைவு’ என்ற கட்டங்களை நிரப்பாமல் விடவும் விடாது. அதனால் என் படத்தைப் போட்டு, தோற்றம் 2007, மறைவு 2025 என்று நிரப்பி, கீழே நல்ல தமிழில் ‘இத்தளம் இன்றுடன் தன் பணியை நிறைவு செய்கிறது’ என்று எழுதினேன். அந்த வரியை ஒரு சீவனும் வாசிக்கவில்லை. படத்தையும் விளக்கையும் மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வயதில் செத்தவளுக்கு எப்படி இவ்வளவு நரை என்றுகூட ஒருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குக் கதவுக்கு வெளியே ஒப்பாரி. திறந்தால் கௌசி, முந்தி எங்கள் மேல்மாடியில் இருந்தாளே, அவள்தான். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று ஒரு பெரிய சட்டி சொதியும் ஐம்பது இடியப்பமும் சுமந்துகொண்டு, மெத்ரோவும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் நிறம் மாறிவிட்டது. ஆனால் நல்ல பிள்ளை, சட்டியை விடவில்லை.

“ஐயோ மாமி, நீங்கள் செத்துப்போனியள் எண்டெல்லோ வந்தனான்.”

“வந்தது வந்திட்டாய், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா. சொதிக்கு உப்புப் போட்டனியோ?”

“அழுத அழுகையில மறந்துபோனன், மாமி.”

மத்தியானத்துக்குள் பதினேழு பேர். நான் உயிரோடு இருப்பதைக் கண்ட பிறகாவது போனார்களா? வேலைக்கு வரவில்லை என்று சொல்லிப்போட்டு வந்தவர்கள், இருந்து சாப்பிட்டார்கள். கட்டடத்தைப் பார்க்கிற கொன்சியேர்ஜ், பாவம், கீழிருந்து மடக்குக் கதிரைகள் கொண்டுவந்து வைத்து, என் கையைப் பிடித்து “மே கொண்டோலேயான்ஸ், மடாம்” என்று எனக்கே அனுதாபம் சொன்னார். விளக்கம் சொல்ல என் பிரெஞ்சு காணாது. “மெர்சி” என்றேன். நான் குசினிக்குள் நின்று என் செத்தவீட்டுக்கு நானே தேத்தண்ணி ஊத்த, விறாந்தையில் கதை நடக்குது. “நல்ல மனுசி.” “ஓம், வாய்தான் கொஞ்சம்.” “கொஞ்சமோ?” தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொடுத்தேன்.

என் தங்கையின் மகன் லக்ஷன் டோர்வலில் விமான நிலையத்தில் வேலை. அவன் வந்து காதுக்குள் சொல்லுறான், “பெரியம்மா, உங்கட பேரில மூண்டு நாள் லீவு எடுத்திட்டன். வெள்ளி வரைக்கும் வெளியால தலைகாட்டாதேங்கோ.” கல்கரியில் இருக்கிற என் மகள் அஜந்தா ஒருத்திதான் பதறவில்லை. “அம்மா, அந்த அறிவித்தலில ஒரு எழுத்துப்பிழையும் இல்லை. அப்ப நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். அப்ப உயிரோட இருக்கிறியள்” என்றாள். நான் பெற்றது வீண்போகவில்லை.

இதிலெல்லாம் எனக்குக் கோபமில்லை, தம்பி. கோபம் வந்தது அன்று காலை பதினொன்று பத்துக்கு. அப்போதுதான் என் மரண அறிவித்தலை நீர் எழுதி, பிரசுரிக்கச் சொல்லி, எனக்கே அனுப்பியிருந்தீர்.

மூடின தளத்துக்கு அனுப்பியதை மன்னிக்கிறேன். செத்தவளுக்கு அனுப்பியதையும் மன்னிக்கிறேன். ஆனால் ஏழு பிழை. மட்டக்களப்பில் பிறந்து மட்டக்களப்புக் கொன்வென்றில் படித்தவளை ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும்’ என்று எழுதியிருக்கிறீர். உங்கள் வீட்டுக்கு வாழ வந்தால் பிறந்த ஊரும் கூடவே மாறிவிடுமா? உம்முடைய பெயர் மூன்று இடத்தில் வருகிறது, என்னுடையது ஒரே இடத்தில். மனைவி, தாயார், மச்சாள், பெரியம்மா என்று எல்லாம் எழுதிக் கடைசியில் ‘அன்னார் சிறந்த இல்லத்தரசியாகத் திகழ்ந்தார்’ என்று முடித்திருக்கிறீர். என் கையால் கருகின சோற்றைப் பத்து வருடம் சாப்பிட்ட நீர் இதை எழுதலாமா? அதை நான் நாலு தரம் வாசித்தேன். இந்தத் தளத்தில் நான் எத்தனை பெண்களுக்கு அதே வரியைப் போட்டிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

கொன்வென்றில் எட்டு நாடகம் போட்டார்கள். எல்லாருடைய வசனமும் எனக்குப் பாடம் என்பதால் மதர் என்னை மேடையில் ஏற்றவில்லை, மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார். பிறகு கலியாணம், உம்முடைய அண்ணருக்கு எவருடைய பெயரும் ஞாபகம் நிற்காது, அவருக்கும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தேன். அவர் போனபிறகு செத்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்தேன். காணும், இனிப் போதும்.

அந்தப் பெண் இப்போது வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். ஆறு கிழமையில் இரண்டு அங்கம் முடிந்தது. நவம்பர் 22 சனிக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷன் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் மேடையேறுகிறது. பெயர் ‘அன்னார் எழும்பினார்’. கிழவியாக நானே நடிக்கிறேன். சொதிச் சட்டியோடு கௌசி வருகிறாள். மூன்றாம் அங்கம் இன்னும் எழுதவில்லை, எழுத ஐந்து கிழமைதான் இருக்கிறது. அதில் ஒரு நாளையும் நான் ஒருவருக்கும் தரமாட்டேன். செத்தாலும் தரமாட்டேன்.

உம்முடைய உண்மையான கவலை எனக்குத் தெரியும். “ஆர் மச்சாள் எனக்குப் போடுறது?” என்று கடைசியில் குரல் இறங்கிக் கேட்டீரே, அதுதான். 2014இலிருந்து உம்முடைய அறிவித்தல் என்னிடம் தயாராக இருந்தது, நீர் பதினொரு தரம் திருத்தினீர், 1989இல் எடுத்த படத்தை மாற்ற விடவில்லை. அதுவும் போய்விட்டது. தளத்தை முழுதாக அழித்தாயிற்று, கடவுச்சொல்லையும் கிழித்தெறிந்தாயிற்று. இனி ஒருவரும் திறக்க முடியாது. இதற்குமேல் இதைப்பற்றிப் பேச அழைக்கவேண்டாம்.

வித்தியாவுக்கு என் அன்பு. உம்மைக் கட்டிய அவளுக்குத்தான் பொறுமை அதிகம். நீர் கேட்காவிட்டாலும் உமக்கு என் ஆசீர்வாதம். இனிப்பைக் குறைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உயிருடன்,
பாலாம்பிகை பேரின்பநாயகம்

பி.கு: அழிக்கவில்லை. மற்றவற்றை மறைத்துவிட்டு ஓர் அறிவித்தலுக்கு மட்டும் இடம் வைத்திருக்கிறேன். நீர் எனக்கு எழுதியதுதான், ஏழு பிழையும் திருத்தி ஏற்றியாயிற்று. ‘இல்லத்தரசி’ இருந்த இடத்தில் ‘நாடகாசிரியை’ என்று போட்டிருக்கிறேன். நவம்பர் 22 இரவு திரை விழுந்தால்தான் அந்தச் சொல் உண்மையாகும், அதற்குமுன் நான் காலமாக உத்தேசமில்லை. சரி, உம்முடையதும் அதற்கு அடியில் இருக்கிறது, 1989 படத்தோடு. கடவுச்சொல் இந்தத் தாளின் பின்பக்கம். என்னுடையதில் தேதியை மட்டும் நிரப்பும். வேறொன்றிலும் கை வைக்கவேண்டாம்.